எட்டில் ஒன்று தூங்கினால்...

பி0303.

பார்க்க ரயில் பெட்டி நம்பர் மாதிரி இருக்கிறது அல்லவா? டெக்சாஸ் பக்கம் ஒரு பண்ணைக்காரரிடம் போய் இந்த நம்பரைச் சொல்லிப் பாருங்கள். முகம் சுருங்கிவிடும். 'எவ்வளவு பழுக்கும்?' என்றுதான் முதலில் கேட்பார்.

அவரிடம் ஒரு ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வைக்கோல் கட்டு, தண்ணீர் டிரம், ஆட்டுக்குட்டி, சமயத்தில் பேரப்பிள்ளைகள். சகலமும் அதில்தான் போகும், வரும். அமெரிக்காவில் 1977-லிருந்து பிக்கப் விற்பனையில் முதலிடத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காத குடும்பம், ஃபோர்டின் எஃப் சீரிஸ். நம் பண்ணைக்காரரின் வண்டி 2005-ம் வருஷத்து மாடல். 5.4 லிட்டர், வி8 என்ஜின். அதாவது எட்டு சிலிண்டர்.

ஒருநாள் சிக்னலில் நிற்கும்போது வண்டி குளிர் ஜுரம் வந்தவன் மாதிரி நடுங்குகிறது. மேடு ஏறினால் திணறல். டேஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட ஒரு மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிகிறது. நம் ஊர் மெக்கானிக் பாஷையில் சொன்னால், 'வண்டி மிஸ்ஸிங் அடிக்குது சார்.' பெயர் பிக்கப். ஆனால் பிக்கப் இல்லை!

மெக்கானிக் வருகிறார். பானெட்டைத் திறக்கவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டு, அங்கிருக்கும் பதினாறு பின் சாக்கெட்டில் உள்ளங்கை அளவு கருவி ஒன்றைச் செருகுகிறார். திரையில் எழுத்து விழுகிறது. பி0303.

அர்த்தம் ரொம்ப சுலபம். 'பி' என்றால் என்ஜின், கியர் சம்பந்தப்பட்ட விவகாரம். அடுத்து வரும் பூஜ்ஜியம், இது எல்லா கம்பெனிக்கும் பொதுவான கோடு என்பதற்கு அடையாளம். மூன்று என்றால் பற்றவைப்பில் கோளாறு. கடைசி இரண்டு இலக்கம், எந்த சிலிண்டர் என்பது. ஆக, மூன்றாம் நம்பர் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எட்டாவது என்றால் 0308. ஒன்று என்றில்லாமல் பலதும் மாறி மாறிப் படுத்தினால் 0300.

ஓர் இரும்பு இயந்திரம், 'டாக்டர், எனக்கு இந்த இடத்தில் வலிக்கிறது' என்று விரலை வைத்துக் காட்டுகிறது. இந்தப் பேச்சை அதற்குக் கற்றுக்கொடுத்தது யார்? கார் கம்பெனிகள் பெரிய மனசு பண்ணி இலவசமாகக் கொடுத்த வசதியா?

அதெல்லாம் இல்லை. இந்தக் கதை ஆரம்பித்தது ஒரு ஊரின் கண் எரிச்சலில்.

*

1943, ஜூலை 26. லாஸ் ஏஞ்சல்ஸ். உலகப் போர் உச்சத்தில் இருந்த சமயம். அன்றைக்கு ஊர் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு புகைப்போர்வை வந்து இறங்கியது. நாலு தெரு தள்ளி இருக்கும் கட்டடம் தெரியவில்லை. கண்ணில் நீர், தொண்டையில் கரகரப்பு. ஜப்பான்காரன் விஷவாயு வீசிவிட்டான் என்றே பலபேர் பயந்தார்கள். பேர்ல் ஹார்பரில் அடி வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லையே!

ஜப்பான்காரன் இல்லை என்று தெரிந்ததும், பழி போட உள்ளூரில் ஆள் தேடினார்கள். அலிசோ தெருவில், செயற்கை ரப்பருக்கான பியூட்டாடையீன் தயாரிக்கும் ஆலை ஒன்று மாட்டியது. அதை மூடினார்கள். புகை போகவில்லை. அப்புறம் ஆலைப் புகைபோக்கி, குப்பை எரிப்பு என்று ஒவ்வொன்றாகக் கட்டுப்பாடு போட்டுப் பார்த்தார்கள். கண் எரிச்சல் மட்டும் நின்றபாடில்லை.

விடை சொன்னவர், அன்னாசிப்பழத்தின் வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த ஒருவர். பெயர் ஆரி ஹாகன்-ஸ்மித். ஹாலந்தில் பிறந்து, கால்டெக்கில் வேலை பார்த்த உயிர் வேதியியல் பேராசிரியர். பழத்தின் வாசனையைக் குளிரவைத்துப் பிடித்து, அதில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் வித்தை அவருக்கு அத்துப்படி. அதே வித்தையை ஊர்க் காற்றில் காட்டினார். 1950-களின் ஆரம்பத்தில் அவர் சொன்ன விஷயம் இதுதான். வண்டிகளிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வரும் எரியாத பெட்ரோல் ஆவி ஒரு பக்கம், நைட்ரஜன் ஆக்ஸைடு மறு பக்கம். இரண்டின் மேலும் கலிஃபோர்னியாவின் புகழ்பெற்ற வெயில் படுகிறது. சேர்ந்து சமைத்தால் கிடைப்பது, ஓசோன். வானத்தின் உச்சியில் இருந்தால் நமக்குக் குடை. மூக்குக்கு நேரே இருந்தால் விஷம்.

லாஸ் ஏஞ்சல்ஸில் ரப்பர் பொருள்கள் ஏன் சீக்கிரம் வெடித்துப் பாளம் பாளமாகின்றன என்பதற்கும் இதுவே காரணமாக இருந்தது. எவ்வளவு சீக்கிரம் வெடிக்கிறது என்பதை வைத்தே ஓசோனை அளக்கலாம் என்று நிரூபித்தார் மனிதர்.

எண்ணெய் கம்பெனிகள் ஒப்புக்கொள்ளவில்லை. தங்கள் செலவில் வேறு ஆராய்ச்சி பண்ணி, பேராசிரியர் சொல்வது தப்பு என்று வாதம் செய்தன. கார் கம்பெனிகள்? லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி நிர்வாகத்தில் இருந்த கென்னத் ஹான் 1953-ல் டெட்ராய்ட்டுக்குக் கடிதம் எழுதினார். ஃபோர்டிடமிருந்து பதில் வந்தது. என்ஜினிலிருந்து ஆவிகள் வருவது வாஸ்தவம், ஆனால் அதெல்லாம் காற்றில் சீக்கிரம் கலைந்து போய்விடும், ஒரு பிரச்னையும் இல்லை என்பது சாரம்! ஹான் விடவில்லை. வருஷக்கணக்கில் எழுதிக்கொண்டே இருந்தார். புகை குறைக்கும் கருவிகள் வராமல் இழுத்தடிக்க கார் கம்பெனிகள் தமக்குள் கூட்டுச் சேர்ந்திருந்தன என்று 1969-ல் அமெரிக்க அரசே வழக்குப் போட்டது. கோர்ட்டுக்கு வெளியே சமரசமாகி, அந்த வழக்கு அதே வருஷம் முடிந்தது.

இதற்கு நடுவில் கலிஃபோர்னியா தனக்கென்று ஒரு காற்றுவள வாரியம் அமைத்தது. முதல் தலைவர் யார் தெரியுமா? நம் அன்னாசிப்பழப் பேராசிரியர்தான்.

1970 கடைசி நாளில் அதிபர் நிக்ஸன் சுத்தக் காற்றுச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். சில வருஷங்களுக்குள் வண்டிப் புகையின் நச்சு 90 சதவிகிதம் குறைய வேண்டும் என்றது சட்டம். நடக்கிற காரியமா என்று கம்பெனிகள் புலம்பின. கெடுவைக் கொஞ்சம் தள்ளியும் வாங்கிக்கொண்டன. ஆனாலும் 1975 மாடல் கார்களில் கேடலிடிக் கன்வர்ட்டர் வந்துவிட்டது.

*

சைலன்சருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு டப்பா அது. உள்ளே தேன்கூடு மாதிரி ஆயிரக்கணக்கான துளைகள் கொண்ட பீங்கான் கட்டி. துளைகளின் உள்சுவரில் பிளாட்டினம், பல்லேடியம் மாதிரியான உலோகங்களின் பூச்சு. நச்சுப் புகை இந்தத் துளைகளுக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் பெரும்பகுதி தண்ணீர் ஆவியாகவும் கார்பன் டை ஆக்ஸைடாகவும் மாறிவிடும்.

அருமையான பொருள்தான். ஆனால் அதற்கு இரண்டு ஜென்ம விரோதிகள்.

முதலாவது, ஈயம். அந்தக் காலத்து பெட்ரோலில் ஈயம் கலந்திருப்பார்கள். பிளாட்டினத்தின் மேல் ஈயம் படிந்தால் கன்வர்ட்டர் அம்பேல். அதனால் ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. அதில் எதிர்பாராத லாபம், அமெரிக்கக் குழந்தைகளின் ரத்தத்தில் இருந்த ஈயம் மளமளவென்று குறைந்தது.

இரண்டாவது விரோதி, எரியாத பெட்ரோல். இங்கேதான் நம் பி0303 மேடைக்கு வருகிறது.

ஒரு சிலிண்டரில் தீப்பொறி விழவில்லை என்றால், உள்ளே போன பெட்ரோலும் காற்றும் அப்படியே சைலன்சர் பக்கம் தள்ளப்படும். ஏற்கெனவே நூற்றுக்கணக்கான டிகிரி சூட்டில் கனன்றுகொண்டிருக்கிறது கன்வர்ட்டர். பெட்ரோல் அங்கே போய்ப் பற்றிக்கொள்ளும். விடாமல் நடந்தால் தேன்கூடு உருகி, பாகு மாதிரி அடைத்துக்கொள்ளும். பழைய நாளில் மிஸ்ஸிங் என்பது வண்டிக்காரரின் சொந்தத் தலைவலி. இழுவை குறையும், மைலேஜ் குறையும், அவ்வளவுதான். கன்வர்ட்டர் வந்த பிறகு அது ஊர்ப் பொதுப் பிரச்னை. ஒரு பிளக் பழுதானால், வண்டியின் ஆயுளுக்கும் புகையைச் சுத்தம் செய்ய வைத்த கருவியே செத்துப்போகும். அப்புறம் அந்த வண்டி ஓடுகிற ஒவ்வொரு நாளும் அதன் கணக்கை எழுதுவது யாரோ ஒரு குழந்தையின் நுரையீரல்.

கன்வர்ட்டர் ஒழுங்காக வேலை செய்ய, பெட்ரோலும் காற்றும் அளவு பிசகாமல் கலக்க வேண்டும். கார்புரேட்டரால் ஆகிற காரியம் இல்லை. அதனால் 1980-களில் என்ஜினுக்குள் கம்ப்யூட்டர் குடிபுகுந்தது. கம்ப்யூட்டருக்குக் கோளாறு தெரியும். ஆனால் வெளியே எப்படிச் சொல்லும்?

ஆளுக்கொரு பாஷையில் சொன்னது! ஜெனரல் மோட்டார்ஸ் வண்டி என்றால், டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் இரண்டு பின்களை ஒரு கம்பித் துண்டால் இணைக்க வேண்டும். பேப்பர் கிளிப்பே போதும். உடனே விளக்கு கண் சிமிட்டும். ஒரு சிமிட்டல், இடைவெளி, இரண்டு சிமிட்டல் என்றால் 12. கிரைஸ்லர் வண்டியில் சாவியை ஆன், ஆஃப், ஆன், ஆஃப், ஆன் என்று மந்திரம் போடுவது போலத் திருப்ப வேண்டும். ஃபோர்டில் வோல்ட் மீட்டரை மாட்டி, முள் எத்தனை தடவை துள்ளுகிறது என்று எண்ண வேண்டும். ஒரு கம்பெனியின் நம்பருக்கு இன்னொரு கம்பெனியில் வேறு அர்த்தம். தெருமுனை மெக்கானிக் பாவம், எத்தனை பாஷைதான் கற்றுக்கொள்வார்?

1988 மாடல்களிலிருந்து, வண்டி தன்னைத் தானே சோதித்துக்கொள்ள வேண்டும் என்று கலிஃபோர்னியா கட்டாயப்படுத்தியது. ஆனால் அந்த முதல் விதியில் பொது பாஷையும் இல்லை, மிஸ்ஸிங்கைக் கண்காணிக்கவும் சொல்லவில்லை. அடுத்த வருஷமே வாரியம் இரண்டாவது விதியை எழுதியது. ஓபிடி-2. எல்லா வண்டிக்கும் ஒரே சாக்கெட், ஒரே நம்பர் முறை. எந்த சிலிண்டர் எரியவில்லை என்பதை வண்டியே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். 1990-ல் திருத்தப்பட்ட தேசிய சட்டம் இன்னொரு முக்கியமான வரியையும் சேர்த்தது. பழுது பார்க்கத் தேவையான தகவலை, கம்பெனியின் டீலருக்கு மட்டுமல்ல, பழுது பார்க்கும் எவருக்கும் தர வேண்டும். 1994-ல் ஆரம்பித்து, 1996 மாடலுக்குள் அமெரிக்காவின் எல்லா கார்களுக்கும் பிக்கப்புகளுக்கும் இது வந்துவிட்டது.

*

சட்டம் எழுதுவது சுலபம். எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிப்பது எப்படி? எட்டு சிலிண்டருக்குள்ளும் எட்டு கேமரா வைக்க முடியுமா?

பொறியாளர்கள் பிடித்த வழி ரொம்ப அழகு. ஒரு குடை ராட்டினத்தைக் கற்பனை பண்ணிக்கொள்ளுங்கள். சுற்றி எட்டு பையன்கள். வரிசைக்கிரமமாக ஒவ்வொருவனும் ஒரு தள்ளு தள்ளுகிறான். ராட்டினம் சீராகச் சுற்றுகிறது. ஒருத்தன் மட்டும் தன் முறை வரும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். ராட்டினம் நின்றுவிடாது. ஆனால் அந்த நொடியில் ஒரு துளி மந்தமாகும். உங்கள் கையில் கடிகாரம் இருந்து, யார் முறை எப்போது என்பதும் தெரிந்தால், கண்ணை மூடிக்கொண்டே ஆளைச் சொல்லிவிடலாம்.

அதேதான். கிராங்க் ஷாஃப்ட்டோடு சுற்றும் ஒரு பல் சக்கரம். ஃபோர்டின் இந்த வி8-ல் 36 பல் இருக்க வேண்டிய இடத்தில் 35 பல். ஒன்று வேண்டுமென்றே இல்லை. ஆரம்பம் எது என்று தெரிவதற்காக. பக்கத்தில் ஒரு சென்ஸார், ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே எவ்வளவு நேரம் என்று அளந்துகொண்டே இருக்கும். இந்த என்ஜின் பற்றும் வரிசை 1-3-7-2-6-5-4-8. மூன்றாவதன் முறை வரும்போதெல்லாம் சுழற்சி மந்தமாகிறதா? ஆசாமி அவன்தான்! நிமிஷத்துக்கு 3000 சுற்று ஓடும்போது எட்டு சிலிண்டரும் சேர்ந்து நொடிக்கு 200 தடவை பற்றுகின்றன. அத்தனையிலும் கம்ப்யூட்டர் கண் வைத்திருக்கிறது. குண்டும் குழியுமான ரோட்டில் சக்கரம் குலுங்குவதும் இதே மாதிரி மந்தமாகத் தெரியும் என்பதால், அதைப் பிரித்தறியத் தனியாக மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

எண்ணிக்கைக்கும் ஒரு முறை உண்டு. ஆயிரம் சுற்றுக்கு எத்தனை தடவை தப்புகிறது என்று பார்த்து, புகை அளவு மீறும் போலிருந்தால் அதைக் குறித்துக்கொள்ளும். மறுபடி ஒரு பயணத்திலும் அதே கதை என்றால் விளக்கு நிலையாக எரியும். 200 சுற்றுக்குள்ளேயே கன்வர்ட்டரை உருக்கும் அளவுக்குத் தப்பினால் விளக்கு சிமிட்டும். நிலையாக எரிந்தால், 'சீக்கிரம் காட்டு.' சிமிட்டினால், 'இப்போதே காலை எடு.' இந்த வித்தியாசம் தெரியாமல் நூறு மைல் ஓட்டிவிட்டு, காயில் விலையில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு கன்வர்ட்டர் விலையையும் சேர்த்துத் தருகிறவர்கள் உண்டு.

*

சரி, பண்ணைக்காரரின் வண்டிக்கு வருவோம். பி0303 வந்தாயிற்று. என்ன செய்ய வேண்டும்?

இங்கேதான் நிறையப் பணம் வீணாகிறது. அந்தக் கோடு 'யார்' என்று சொல்கிறதே தவிர, 'ஏன்' என்று சொல்வதில்லை. சிலிண்டர் எரியாததற்குத் தீப்பொறி காரணமாக இருக்கலாம். பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் காரணமாக இருக்கலாம். எங்கேயோ காற்று ஒழுகலாம். வால்வு கருகி கம்ப்ரஷன் போயிருக்கலாம். நம்பரைப் பார்த்தவுடன் பாகங்களை மாற்றிக்கொண்டே போவது ஒரு வகை வைத்தியம். ஜுரம் என்றதும் கடையில் இருக்கும் எல்லா மாத்திரையையும் விழுங்குவது போல.

முதல் சிக்கல், மூன்றாவது எது என்பதே! ஃபோர்டில் டிரைவருக்கு எதிர்ப்பக்கம் முன்னாலிருந்து 1, 2, 3, 4. டிரைவர் பக்கம் 5 முதல் 8. செவர்லே வி8-லோ டிரைவர் பக்கம் 1, 3, 5, 7. எதிர்ப்பக்கம் 2, 4, 6, 8. செவர்லேயில் பழகினவர் ஃபோர்டில் கை வைத்தால், நன்றாக இருக்கிற சிலிண்டருக்கு ஆபரேஷன் நடந்துவிடும்.

நல்ல மெக்கானிக் காசு செலவில்லாத சோதனையில் ஆரம்பிப்பார். கோடு விழுந்த நொடியில் என்ஜின் வேகம் என்ன, சூடு என்ன, பாரம் எவ்வளவு என்று கம்ப்யூட்டர் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கும். அதைப் படிப்பார். அடுத்து, இந்த என்ஜினில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனி இக்னிஷன் காயில். மூன்றாவதன் காயிலைக் கழற்றி ஐந்தாவதில் போடுவார். ஐந்தாவதன் காயில் மூன்றாவதற்கு. கோடை அழித்துவிட்டு வண்டியை ஓட்டுவார். இப்போது பி0305 வந்தால் குற்றவாளி காயில். கூடவே நடந்து வந்து மாட்டிக்கொண்டது! மறுபடி 0303-யே வந்தால் காயில் நிரபராதி.

அடுத்து பிளக். இந்த 5.4 லிட்டர், மூன்று வால்வு என்ஜினில் அது ஒரு தனி சோகம். இதன் பிளக் இரண்டு துண்டாகச் செய்து இணைத்தது. நீளமான அடிப்பகுதியில் கரி பிடித்து இறுகிவிடும். பலவந்தமாகத் திருகினால் மேல் துண்டு கையோடு வரும், அடித்துண்டு உள்ளேயே தங்கிவிடும். அதை எடுக்கவே தனிக் கருவிகள் சந்தைக்கு வந்தன. 'பிளக் மாத்தணும்' என்ற இரண்டு வார்த்தைக்குப் பின்னால் அரை நாள் வேலையும் ஒரு தடித்த பில்லும் ஒளிந்திருக்கலாம்.

பிளக்கும் நன்றாக இருந்தால் இன்ஜெக்டர். அதுவும் சரி என்றால் கடைசியாக கம்ப்ரஷன். அங்கேயும் எண் குறைவாக வந்தால் என்ஜின் தலையைக் கழற்ற வேண்டியதுதான். சின்னச் செலவிலிருந்து பெரிய செலவுக்கு, ஒவ்வொரு படியிலும் ஒரு நிரூபணத்தோடு. இந்த வரிசையை மாற்றினால் நஷ்டம் வண்டிக்காரருக்கு.

*

இந்தப் பொது பாஷை வந்ததால் தெருமுனை மெக்கானிக் பிழைத்தார். ஆனால் சண்டை அதோடு ஓயவில்லை. சட்டம் பொதுவாக்கியது புகை சம்பந்தப்பட்ட கோடுகளைத்தான். மற்றபடி கம்பெனிகள் சொந்தக் கோடு, சொந்தக் கருவி, சொந்த சாஃப்ட்வேர் என்று வைத்துக்கொண்டன. டீலரிடம் மட்டும் எல்லாக் கதவும் திறக்கும். வண்டிக்குக் காசு கொடுத்தது நான், அது பேசுவதைக் கேட்க இன்னொருவரின் தயவு எதற்கு என்று கேள்வி எழுந்தது. 2012-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மக்களிடமே ஓட்டுக்கு விட்டார்கள். சுமார் 86 சதவிகிதம் பேர் வாகன உரிமையாளருக்கும் தனி மெக்கானிக்குக்கும் தகவல் தர வேண்டும் என்று ஓட்டுப் போட்டார்கள். எந்தக் கட்சிக்குக் கிடைக்கும் இப்படி ஒரு வெற்றி? 2014-ல் கம்பெனிகள் நாடு முழுவதும் அதே முறைக்கு இறங்கி வந்தன. பிறகு வண்டிகள் ஒயர் இல்லாமல் நேராகக் கம்பெனிக்கே தகவல் அனுப்பத் தொடங்கியதும் சண்டை மறுபடி மூண்டது. 2020-ல் அதே மாநிலத்தில் மறுபடி ஓட்டெடுப்பு, மறுபடி மெக்கானிக் கட்சிக்கே வெற்றி. கம்பெனிகள் வழக்குப் போட்டு, அது வருஷக்கணக்கில் இழுத்தது.

லாஸ் ஏஞ்சல்ஸ் காற்று முழுக்க சுத்தமாகிவிடவில்லை. அமெரிக்காவின் மோசமான ஓசோன் ஊர்கள் என்று பட்டியல் போட்டால் அதன் பெயர் இன்றும் மேலேதான் இருக்கிறது. ஆனால் நாலு தெரு தள்ளியிருக்கும் கட்டடம் மறைகிற பழுப்புப் போர்வை பழங்கதை. அந்தக் காலத்தைவிடப் பல மடங்கு வண்டி ஓடும் ஊரில் இது நடந்திருக்கிறது.

இந்தக் கோடு நமக்கும் அந்நியம் அல்ல. இந்தியாவில் 2010 ஏப்ரலில் ஓபிடி-யின் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் கட்டாயமாயின. அதற்குப் பின் வந்த உங்கள் பெட்ரோல் காரின் ஸ்டியரிங்குக்குக் கீழேயும் அதே பதினாறு பின் சாக்கெட் இருக்கிறது. மூன்றாவது சிலிண்டர் படுத்துக்கொண்டால் அம்பத்தூரிலும் அதே பி0303தான்.

ஆகவே மஞ்சள் விளக்கு சிமிட்டினால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். மெக்கானிக், 'காயில் போயிடுச்சு சார், நாலையும் மாத்திடலாம்' என்று சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்.

'இடம் மாத்திப் போட்டுப் பார்த்தீங்களா?'